மாமனார் வீட்டு ஒழுங்கையில் காக்கி உடுப்பு

மகன்,

நான் வாய் மூடியிருந்தது போதும். உன் கல்யாணப் பேச்சு எழும்பியதிலிருந்து இந்த வீட்டில் எல்லாரும் கதைத்தார்கள், நான் மட்டும் கதைக்கவில்லை. பெண் வீட்டார் வந்தபோது கதிரைகளை இழுத்துப் போட்டேன், பலகாரத் தட்டை நீட்டினேன், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தேன். நாக்கு நுனிவரை வந்ததையெல்லாம் உன் உம்மா கண்ணால் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தாள். "கல்யாணம் முடியட்டும், மறுகா கதைங்க" என்பது அவள் போட்ட கட்டளை. கல்யாணம் முடிந்தபின் நான் கதைத்து என்ன பயன்? எங்கள் ஊரில் மாப்பிள்ளை பெண் வீட்டோடு போய்விடுவான். பிறகு அந்த வீட்டுச் சோறு, அந்த வீட்டுக் கிணறு, அந்த வீட்டு உடுப்புக் கொடி. பெற்ற தகப்பன் அங்கே வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிற விருந்தாளி. விருந்தாளி புத்தி சொல்ல முடியாது. ஆகவே நீ போகுமுன் எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்கவோ சமாதானம் பேசவோ எழுதவில்லை. நான் செய்தவற்றில் எதையும் திரும்பப் பெறுகிற எண்ணமும் எனக்கில்லை.

உன் மாமனாராகப் போகிறவர், ஊர் முழுக்க ஹாஜியார் என்று கூப்பிடுகிற மனிதர், கடைசியாக வந்த அன்று பால் தேநீரை ஊதிக் குடித்துக்கொண்டே உன்னிடம் சொன்னதை நீ மறந்திருக்க மாட்டாய். "மருமகன், ஒரு சின்ன விசயம். காக்கியோட எங்கட ஒழுங்கைக்குள்ள வந்து போறது அவ்வளவு நல்லா இல்ல. சாப்பாட்டுக்கட வெச்சிரிக்கிற ஆள் நான். பாக்குற ஆக்களுக்கு ஆரோ பிடிக்க வந்த மாதிரி இரிக்கும். பேக்ல கொண்டுபோய் ஒபிஸ்ல மாத்தினாச் செரி." பக்கத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலில் தைரியம் வந்து இன்னொன்றும் சொன்னார்: "போகப் போக அந்த உடுப்பே தேவப்படாது. எங்கட பெரிய கடைல முன்னுக்கு ஒரு கதிர காலியாத்தான் கிடக்கு." எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். சிரித்துவிட்டு, "செரி மாமா" என்றாய். அந்தச் ‘செரி’க்குத்தான் இந்தக் கடிதம்.

அவர்கள் போனபின் நான் கேட்டது ஒரே கேள்வி. நான் போட்டு ஓய்ந்த, இப்போது நீ போடுகிற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் உடுப்பைக் கழற்றித்தான் கல்யாணம் செய்ய வேண்டுமா என்று கேட்டேன். நீ கோபப்படவில்லை. நீ கோபப்படுகிற பிள்ளை இல்லை, அது உன் உம்மாவின் பக்கத்துக் குணம். "வாப்பா, வேலை தலைக்குள்ள இரிக்கி, உடுப்புக்குள்ள இல்ல. படிச்ச மூளைக்குக் காக்கியும் ஒண்டுதான், வெள்ளச் சேட்டும் ஒண்டுதான்" என்றாய். உன் உம்மா பாத்திரங்களை அடுக்கியபடி, "வாப்பாட மூளையே காக்கிதானே மகன், அவருக்கெப்படி விளங்கும்" என்றாள். நீங்கள் இருவரும் சிரித்தீர்கள். நான் எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டேன். பதில் இல்லாமல் போனேன் என்று நினைத்துவிடாதே. அந்தப் பதில் நீளமானது, நீ சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டே கேட்டு முடிக்கிற அளவில்லை.

நீ சொன்ன அந்த மூளையிலிருந்தே தொடங்குகிறேன். உடுப்பு மூளையை என்ன செய்கிறது என்று ஆராய்கிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். வைத்தியரின் வெள்ளை மேலங்கியை அணிந்தால் கவனம் கூர்மையாகிறது என்று சிலர் சொல்கிறார்கள். நாங்களும் செய்து பார்த்தோம், அப்படி ஒன்றையும் காணவில்லை என்று வேறு சிலர் சொல்கிறார்கள். நான் இரண்டையும் வாசித்தேன், எவருக்கும் வக்காலத்து வாங்கவில்லை. அவர்களுக்கு எங்கள் ஊர் மூளையைத் தெரியாது. எனக்குத் தெரியும். இங்கே எவனும் வெறும் கடைக்காரன் இல்லை. ரொட்டிக்கடைக்காரன் உன் உம்மாவின் சாச்சியின் மகன். ஐஸ் பெட்டியில் மீன் விற்கிறவன் என்னோடு ஓதப் போனவன். பேக்கரிக்காரன் நாளைக்கு உனக்கு மச்சான் முறையாகப் போகிறவன். சாறனோடும் சேட்டோடும் ஒரு கடைக்குள் நுழைந்தால் மூளை முதலில் தேடுவது அந்த முறையைத்தான். இவர் எனக்கு யார், போன பெருநாளுக்கு இவர் வீட்டுக்குப் போனோமா, போகவில்லையென்றால் என்ன சொல்லிச் சமாளிப்பது என்று அது ஓடிக்கொண்டிருக்கும். கண் குசினியைப் பார்க்குமுன் வாய் சலாம் சொல்லி, கை தோளைத் தொட்டு, உடம்பு கதிரையில் இருந்துவிடும். இருந்துவிட்டால் தேநீர் வரும். தேநீரைக் குடித்தவன் எழும்பிப் போய் அடுப்படியில் எலிப் புழுக்கை தேடுவானா?

காக்கியைப் போட்டால் அந்தத் தேடல் நிற்கிறது. எல்லாருக்கும் நிற்குமா என்று எனக்குத் தெரியாது, எனக்கு நின்றது. காலர் கழுத்தை உரசும், பட்டி இடுப்பை இறுக்கும், கஞ்சி போட்ட துணி கை மடக்கும்போது முறுகும். நீ இப்போது எவருடைய மச்சானும் இல்லை என்று உடம்பு முழுக்க யாரோ மெல்லத் தட்டித் தட்டிச் சொல்வது போல இருக்கும். அப்போதுதான் கண் பார்க்கத் தொடங்கும். மேசையில் உள்ள வாழைப்பழச் சீப்பைக் கடந்து, கண்ணாடிப் பெட்டியைக் கடந்து, பின்கதவுக்குப் போகும். தொழிற்பெருமை என்று மேடையில் சொல்கிற பெரிய சொல்லுக்கு நான் கண்ட அர்த்தம் அந்த இறுக்கம்தான். அதற்கு மேலே நான் ஒன்றையும் காணவில்லை.

கடல் ஊருக்குள் வந்த அந்தச் சுனாமி வருடம் உனக்கு அவ்வளவாக நினைவிராது. உம்மாவுக்கு அவளுடைய வாப்பா கட்டிக் கொடுத்த வீடு சாய்ந்தமருதுக் கரையோரத்தில் இருந்தது. அலை அதை அத்திவாரத்தோடு கொண்டுபோனது. நாங்கள் மூவரும் உடுத்த உடுப்போடு ஒரு பள்ளிக்கூடத்தில் போய் ஒதுங்கினோம். என் காக்கிகள் அலுமாரியோடு போய்விட்டன. எங்கிருந்தோ வந்த நிவாரணப் பொதியில் எனக்குக் கிடைத்தது ஒரு மஞ்சள் சட்டை. அதில் பெரிய பெரிய பச்சைக் கிளிகள். அந்தக் கிளிகளோடு பள்ளிக்கூடக் கிணற்றடியில் நின்று, தண்ணீர் எடுக்க வேண்டாம் என்று சனங்களிடம் சொன்னேன். கடல் தண்ணீரும் அதைவிட மோசமானவையும் கிணறுகளுக்குள் இறங்கியிருந்தன. வாளியோடு வந்த ஒரு பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஆரு இது, கிளிச் சட்ட? கிணத்துக்குக் காவலா?" நான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் என்று சொன்னேன். "பீ.எச்.ஐ.யா? அவரு காக்கி போட்டிருப்பாரு. நீங்க கலியாண வீட்டுக்குப் போற ஆள் மாதிரி இரிக்கிறீங்க" என்றாள். எல்லாவற்றையும் இழந்து நின்ற சனங்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த நாட்களில் அங்கே நான் கேட்ட ஒரே சிரிப்பு அதுதான். அவள் வாளியைக் கிணற்றுக்குள் இறக்கினாள். நான் கயிற்றைப் பிடிக்கவில்லை.

யோசித்துப் பார். எனக்குத் தெரியவேண்டியதெல்லாம் தெரிந்திருந்தது. எந்தக் கிணற்றை இறைக்கவேண்டும், எவ்வளவு குளோரின் போடவேண்டும், எத்தனை மணிநேரம் விடவேண்டும் என்பதெல்லாம் நீ சொல்கிற அந்தத் தலைக்குள்தான் பத்திரமாக இருந்தது. தலை அதை வெளியே விடவில்லை. கிளிச் சட்டைக்குள் இருந்தது ஒரு வீடிழந்த மனிதன். வீடிழந்த மனிதன் இன்னொரு வீடிழந்த பெண்ணிடம் தண்ணீர் எடுக்காதே என்று எப்படிச் சொல்வான்? பாண்டிருப்பில் இருந்த என்னுடைய சக உத்தியோகத்தர் ஒருவர், அவர் வீட்டிலும் சாவு விழுந்திருந்தது, சைக்கிளில் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். கையில் அவருடைய இன்னொரு காக்கி. அவர் என்னைப்போல் ஒன்றரை ஆள். "கழட்டுங்க மச்சான் அந்தக் கிளிகள" என்றார். எனக்கு மெத்தப் பெருசாக இருக்கிறதே என்றேன். "உள்ளுக்கு இன்னொரு ஆள ஒளிக்கலாம், அதுக்கென்ன? போடுங்க, வேலை கிடக்கு." கயிற்றுத் துண்டால் இடுப்பை இறுக்கிக்கொண்டு திரும்பக் கிணற்றடிக்குப் போனேன். அதே பெண் அங்கே நின்றாள். "வாளிய வைங்க" என்றேன். வைத்தாள். காக்கிக்குப் பயந்து வைத்தாள் என்று நீ சொல்வாய். இருக்கட்டும். ஆனால் அவளுக்கு முந்தி அந்தக் காக்கிக்குக் கீழ்ப்படிந்தவன் நான். என் குரலை நானே அன்றைக்குத்தான் திரும்பக் கேட்டேன்.

வீடு போனபின் உம்மாவின் வாப்பா வீட்டில் போய் இருந்தோம். அங்கே இருக்கும்போது நடந்ததைத்தான் ஊர் இன்றுவரை கதைக்கிறது, நீயும் பள்ளிக்கூடத்தில் அதற்காக ஏச்சு வாங்கினாய். உன் தாய்மாமனின் சாப்பாட்டுக்கடை பற்றி முறைப்பாடு வந்தது. அந்தப் பகுதி என் பொறுப்பில் இருந்தது. வேறு ஒருவரை அனுப்பும்படி நான் எழுதிக் கேட்டேன், ஆளில்லை, நீயே போ என்று பதில் வந்தது. காலையில் காக்கியை உடுத்திப் போனேன். உன் மாமா சிரித்துக்கொண்டே கதிரையைத் துடைத்துப் போட்டான். "இரிங்க மச்சான். மொதல்ல டீயக் குடிங்க." கடமையில் இருக்கிறேன் என்றேன். அவன் கடைக்குள் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினான். "கடமையா? ராவைக்கு எங்கட வாப்பாட வீட்டிலதானே படுக்கப் போறீங்க?" சனங்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். என் காதெல்லாம் சூடேறியது. சாறன் உடுத்திருந்தால் அந்த இடத்திலேயே முடிந்திருப்பேன், சத்தியமாகச் சொல்கிறேன். "ஓம், அங்கதான் படுக்கப் போறன். இப்ப குசினியத் திறங்க" என்றேன். உள்ளே மலசலகூடத்துக் குழாய்க்குக் கீழே பேசினில் கோழி ஊறிக்கொண்டிருந்தது. மாவு மூட்டையை எலி அரித்திருந்தது. நான் வழக்குத் தாக்கல் செய்தேன். அவன் தண்டம் கட்டினான், கடை சில நாள் பூட்டியிருந்தது, அவ்வளவுதான். சிறைக்குப் போகவில்லை, தெருவுக்கு வரவில்லை.

ஆனால் என்னை என்ன செய்தார்கள் என்று உனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போனால் என் சலாமுக்கு உதடு மட்டும் அசையும். பள்ளிவாசல் காரியங்களுக்கு என்னைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். பிறகு கரையிலிருந்து தூரத்தில், யானை வருகிற ஊர் ஒன்றுக்கு எனக்கு இடமாற்றம் வந்தது, வாரக் கடைசியில் வருவேன். யார் சொல்லி வந்தது என்று எனக்குத் தெரியும், பெயர் எழுத மாட்டேன். அவர்களில் ஒருவரையும் நான் மன்னிக்கவில்லை. ‘கதைச்சா என்ன குறையும் வாப்பா’ என்று நீ பெருநாளுக்குப் பெருநாள் கேட்பாய். ஒன்றும் குறையாது. எனக்கு விருப்பமில்லை. உன் மாமா கடை திறந்தபின் வந்த முதல் பெருநாளுக்கு ஒரு சட்டி புரியாணி அனுப்பினான், அதுதான் கடைசி. உம்மா எனக்கும் பரிமாறினாள், தின்றேன். நன்றாகவே இருந்தது. குசினி திருந்தியிருந்தது என்பது அந்த இறைச்சியிலேயே தெரிந்தது. அதற்காக அவன் எனக்கு நன்றி சொல்ல வரவில்லை, நானும் அவனுடைய கடைப் படியில் அதற்குப் பிறகு கால் வைக்கவில்லை.

அந்த வீட்டில் என் பக்கம் நின்றவள் உன் உம்மா மட்டும்தான். பகிரங்கமாக என்னை ஒரு வார்த்தை ஆதரித்துப் பேசியவள் அல்ல. தம்பியை வழக்குக்கு இழுத்துவிட்டேன் என்று அவளும் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்காமல் கொஞ்ச நாள் திரிந்தாள். ஆனால் காக்கியைத் தோய்த்தாள், கஞ்சி போட்டாள். ஒருநாள் அவளுடைய வாப்பா முற்றத்தில் நின்று, "புள்ள, அத குசினிக்குப் பின்னால காயப் போடு. ரோட்டால போற ஆக்கள் பாக்குற" என்று சொன்னதை நான் யன்னலுக்குள்ளிருந்து கேட்டேன். இவள் உதறி உதறி முன்கொடியிலேயே போட்டாள். "பாக்கட்டும் வாப்பா. வெயில் முன்னுக்குத்தான் இரிக்கி." மூளையே காக்கி என்று இப்போது என்னைப் பகிடி பண்ணுகிறவள் இவள்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்.

அந்த நாட்களில் நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, புத்தகப் பையைக் கழற்றாமலே என்னிடம் கேட்டாய்: "வாப்பா, நீங்க அந்த உடுப்பப் போடாமப் போயிருந்தா மாமாவ விட்டிருப்பீங்களா?" நான் உன்னிடம் பொய் சொல்லவில்லை. ஓம், விட்டிருப்பன் என்றேன். நீ தலையை ஆட்டிவிட்டுப் போனாய். அந்தப் பதிலை நீ இவ்வளவு காலமும் வைத்திருந்தாய் என்று எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. நான் சொன்னதை நீ தப்பிக்கிற ஒரு வழி என்று எடுத்துக்கொண்டாய் போலிருக்கிறது. உடுப்பில்லாமல் போனால் எவரையும் பகைக்க வேண்டியதில்லை, எவர் வீட்டிலும் புரியாணி நின்றுவிடாது, மகன் பள்ளிக்கூடத்தில் ஏச்சு வாங்க மாட்டான். வேலையும் செய்யலாம், மாப்பிள்ளையாகவும் இருக்கலாம். மகன், அந்த வழியில் வேலை இல்லை. சம்பளம் மட்டும்தான் உண்டு.

நான் ஊகத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. சந்தைக்குப் பக்கத்துத் தேநீர்க்கடையில் போன கிழமை நான் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தபோது நீ உள்ளே வந்தாய். தூணுக்குப் பின்னால் இருந்த என்னை நீ காணவில்லை. வெள்ளைச் சேட், கறுப்புக் களிசான், தோளில் பை. பைக்குள் மடித்து வைத்த காக்கியின் ஓரம் தெரிந்தது. கடைக்காரன் உன்னைக் கண்டதும், "வாங்க மாப்புள, ஹாஜியார்ட மருமகன் நம்மட கடைக்கு வந்திரிக்காரு, கதிரயத் துடைங்கடா" என்றான். நீ இருந்தாய். ஒரு ரோல்ஸ் தந்தார்கள், தின்றாய். கண்ணாடிப் பெட்டியின் கதவு திறந்தே கிடந்தது, வடையின் மேல் இலையான்கள் மொய்த்துத் திரிந்தன. நீ அதைப் பார்த்தாய், பார்த்ததை நான் பார்த்தேன். "அதக் கொஞ்சம் மூடி வைங்களன் காக்கா" என்றாய். அண்ணனிடம் கேட்கிற வேண்டுதல் மாதிரிச் சொன்னாய். "செஞ்சிருவம் மாப்புள, நீங்க சொன்னாச் செரிதானே" என்றான். நீ எழும்பிக் கைகழுவ வந்தபோது என்னைக் கண்டாய், முகம் மாறியது. "சொல்லிட்டன் வாப்பா, செய்வாங்க" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனாய்.

நான் இன்னொரு பிளேன்டீ வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே அங்கே இருந்தேன். அவன் மூடவில்லை. நீ படியிறங்கியதும் பக்கத்திலிருந்தவனிடம், "வாப்பனப்போல இல்லடா, இது தங்கமான புள்ள" என்றான். அவனுக்கு என்னைத் தெரியும், எனக்குக் கேட்கத்தான் சொன்னான். பிறகு பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் அதே வடையை வாங்கித் தின்றுகொண்டு போனார்கள். அவன் ‘மாப்பிள்ளை’ என்று கூப்பிட்டதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. கூப்பிடுகிறவன் கூப்பிடுவான். நீ அந்தச் சொல்லுக்குத் திரும்பியதுதான் எனக்குக் கசந்தது. நீ படித்ததெல்லாம் அந்த நேரத்தில் உன் தலைக்குள்தான் இருந்தது, உன்னைப் பரீட்சையில் கேட்டால் பக்கம் பக்கமாக எழுதியிருப்பாய். ஆனால் அந்தக் கதிரையில் இருந்தது ஹாஜியாரின் மருமகனுடைய மூளை. பரிசோதகர் பைக்குள் மடிந்து கிடந்தார்.

காக்கி போட்டவனெல்லாம் நேர்மையானவன் என்று நான் எழுத வரவில்லை. எங்கள் வீதிகளில் சோதனைச் சாவடிகள் இருந்த காலத்தில் உடுப்பின் திமிரை முகத்துக்கு நேரே கண்டவர்கள் நாங்கள். அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்த நாட்களை நான் மறக்கவில்லை. எங்கள் வேலையிலும் அதே காக்கியோடு கடை கடையாக ஏறி, வீட்டுக்குப் பார்சல் கட்டிக்கொண்டு போனவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் என்னைவிட நல்ல இடங்களில் ஓய்வு பெற்றார்கள், ஊர் அவர்களுக்கு மாலை போட்டது. உடுப்பு கெட்டவனை நல்லவனாக்காது. ஆனால் பயந்தவனுக்கு அது ஒரு கை கொடுக்கும். நான் பயந்தவன். ஊர் என்னைக் கல்நெஞ்சன் என்கிறது, சொல்லட்டும். உன் மாமாவின் குசினிக் கதவடியில் எனக்குத் திரும்பி ஓடிவிடத்தான் தோன்றியது, அந்தக் காக்கி அதை வெளியே காட்டவில்லை. நீ என்னைவிடச் சாதுவானவன். அப்படியென்றால் உனக்கு அது என்னைவிட அதிகம் தேவை.

நீ கட்டப்போகிற அந்தப் பிள்ளையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், அவளை நான் குறை சொல்வதாக நீ நினைத்துவிடக் கூடாது. அன்று ஹாஜியார் முன்னறையில் உன் உடுப்புக்குத் தடை போட்டுக்கொண்டிருந்தபோது, உள்ளே, கூட வந்திருந்த அவருடைய மகள் உன் உம்மாவிடம் என்ன கேட்டாள் தெரியுமா? "மாமி, அவர்ட காக்கிக்குக் கஞ்சி போடுறதா, சும்மா அயன் பண்ணினாக் காணுமா?" உம்மா இரவு சாப்பாட்டில் இதைச் சொல்லிச் சிரித்தாள். நீ சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாய். அவள் வெட்கப்படவில்லை மகன். தகப்பன் வெட்கப்படுகிறார், அவருக்குக் காரணம் இருக்கிறது, அவர் வியாபாரி. நீ ஏன் வெட்கப்படுகிறாய்? இந்த வேலைக்கு நீ தெரிவானபோது என்னிடம் வராமல் உம்மாவிடம் போய்ச் சொன்னாய். நான் அறைக்குள் இருந்து கேட்டேன், வெளியே வரவில்லை, வந்திருந்தால் என் முகத்தில் இருந்ததை நீ கண்டிருப்பாய். நான் உனக்குச் சொல்லாமல் நீயாகத் தேர்ந்தெடுத்த உடுப்பு அது.

ஆகவே நான் கேட்பதைக் கேள். கல்யாணத்தை நிறுத்தச் சொல்லவில்லை, அந்த வீட்டுக்கு மரியாதை குறையச் சொல்லவில்லை. ஹாஜியாரின் கடைகள் எதையும் உன் கையில் எடுக்காதே. அவை இனி உன் வீட்டுக் கடைகள், வேறு உத்தியோகத்தரிடம் கொடுக்கும்படி நீயே எழுதிக் கொடு. எனக்கு ஆளில்லை என்றார்கள், உனக்கும் சொன்னால் திரும்பவும் எழுது. முன்னுக்குக் காலியாகக் கிடக்கிற அந்தக் கதிரை காலியாகவே கிடக்கட்டும். கல்யாண லீவு முடிந்து முதல் நாள் வேலைக்குப் போகும்போது, அந்த வீட்டு அறையிலேயே காக்கியை உடுத்து, பட்டியை இறுக்கி, அந்த வீட்டு முன்கதவால் வெளியே வா. ஒழுங்கை முழுக்க, பெரிய தெருவில் ஏறும்வரை நட. பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். ஒரு கிழமை பார்ப்பார்கள், பிறகு அவர்களுக்கும் பழகிவிடும். ஹாஜியார் முகத்தைத் திருப்பினால் சலாம் சொல்லிவிட்டுப் போ. ராவைக்கு அங்கேதானே படுக்கப் போகிறாய் என்று எவனாவது கேட்டால், ஓம் என்று சொல்லு. அந்த ஓம்-ஐச் சொல்வது கஷ்டம், ஆனால் சொன்னபின் நிம்மதியாக நித்திரை வரும். எனக்கு வந்தது. இதைச் செய்தால் நீ பலதை இழப்பாய், அதையும் மறைக்க மாட்டேன். எனக்குப் பள்ளிவாசல் கூட்டத்துக்கு அழைப்பில்லை, சம்பந்தி வீடுகளில் முன்வரிசை இல்லை, சொந்த மைத்துனனின் சோற்றில் பங்கில்லை. இவ்வளவையும் வைத்துக்கொண்டு சொல்கிறேன், திரும்பவும் அந்தக் காலை வந்தால் அதே உடுப்பைத்தான் உடுத்துவேன்.

எழுதி முடித்துவிட்டுக் கையெழுத்துப் போடப் பேனையை வைத்தேன், எடுத்துவிட்டேன். என் பெயரைக் கண்டால் நீ இதை வாசிக்குமுன்பே உனக்கு எல்லாம் விளங்கிவிடும்: வாப்பாவுக்குப் பழைய கோபம், ஊரோடு பகை, அவர் அப்படித்தான் என்று மடித்து வைத்துவிடுவாய். எழுதியது ஆரென்று உனக்குத் தெரியத்தான் போகிறது, ஆனாலும் கையெழுத்துப் போட்டு அந்த வசதியை நான் உனக்குத் தர மாட்டேன். வீட்டு விலாசத்துக்கும் அனுப்பவில்லை. உன் பணிமனைக்கு, உன் பதவியின் பெயருக்கு, முத்திரை ஒட்டி, கீழே பெயர் இல்லாமல் தபாலில் சேர்க்கப் போகிறேன். மேசையில் வேறு எவராவது பிரித்து வாசித்தாலும் பரவாயில்லை. மாப்பிள்ளையாகிப் போன உத்தியோகத்தர்கள் இந்தக் கரையில் நீ ஒருவன் மட்டும் இல்லை, எவனுக்குப் பொருந்துகிறதோ அவன் எடுத்துக்கொள்ளட்டும். பெயரில்லாத முறைப்பாடு வந்தால் என்ன செய்யவேண்டும் என்று உனக்குப் படிப்பித்திருப்பார்கள். எழுதியவன் ஆரென்று தேடி நேரத்தைப் போக்காதே. எழுதியிருப்பது உண்மையா என்று அந்தத் தேநீர்க்கடைக்கே போய்ப் பார். போகும்போது காக்கியை உடுத்துக்கொண்டு போ.